இன்னும் ஒரு நகர்த்தல்

உக்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. பாப்பா உள்ள போயிட்டாளா? தண்ணி பாட்டில் குடுத்து வுட்டீங்களா? அப்பச் சரி. இனி அந்தக் கதவு தெறக்கற வரைக்கும் நமக்கு ஒரு சோலியும் இல்லீங்க. இந்த வயசுப் புள்ளைங்க ஆட்டம் ஒண்ணு சட்டுனு முடிஞ்சுரும், இல்லைன்னா மத்தியானச் சோத்துக்கும் வெளிய வராது.

இல்லீங்க, எம் புள்ள விளையாடலைங்க. எனக்கு இங்க வேற வேலை. பெருந்துறையில மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கேன், சென்னியப்பன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. இந்தக் காலேஜ் போர் மோட்டார் காயில் போயிருச்சுன்னாங்க. கட்டிக் கொண்டாந்து எறக்கிக் குடுத்தேன். போலாம்னு பாத்தா வாசல்ல செஸ் போட்டின்னு பேனர். சரி, சித்த உக்காந்துட்டுப் போலாமேன்னு வந்தேன். போன வாரம் நாமக்கல்லுலயும் இப்படித்தான், பக்கத்துலயே ஒரு மோட்டார் வேலை வந்துச்சு.

போன்ல என்னங்க, முதல் போர்டு ஆட்டமா? நானும் சித்த பாக்கறேன். அந்த ஓரத்துல 'எம்' போட்டு ஒரு நம்பர் வருது பாருங்க, அது என்னன்னு தெரியுமா? தெரியாதா. உங்களுக்கு இன்னும் புதுசு. சொல்றேன் கேளுங்க. இத்தனை நகர்த்தல்ல மேட், அதாவது ராஜாவுக்குப் போக்கிடமில்லாம ஆட்டம் முடியறது, இருக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நீங்க உள்ள போய்ச் சொல்ல முடியாது, உள்ள இருக்கற புள்ளைக்கு அது தெரியாது, வெளிய டீ குடிச்சுட்டு நிக்கற நமக்குத் தெரியும். அதுதானுங்க இதுல இருக்கற கொடுமை.

கம்ப்யூட்டர் நம்மளாட்ட யோசிக்கறதில்லீங்க. இந்தக் காயை இங்க வெச்சா அவன் எங்கெங்க வெப்பான், அதுக்கு நாம எங்கெங்க வெக்கலாம்னு ஒவ்வொண்ணா உள்ள போய்ப் பாக்கும். கிளை கிளையாப் பிரியும். தேறாத கிளையை வெட்டி வுட்டுட்டு அடுத்ததுக்குப் போகும். ஆனா எத்தனை வேகமாப் பாத்தாலும் அதுக்கும் ஒரு ஆழம் உண்டு. மேட் அந்த ஆழத்துக்குக் கீழ கெடந்தா அதுக்கும் தெரியாது, வெள்ளைக் காய்க்காரன் கை மேலன்னு மட்டும் சொல்லும். ஆனா கடைசியில நாலஞ்சு காய்தான் மிச்சம்னு வந்துட்டா கதையே வேறைங்க. அப்ப அது தேடறதே இல்லை. டேபிள்பேஸ்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. எப்படிப் போட்டாங்க தெரியுமா? பின்னாலிருந்து. மேட் ஆகிக் கெடக்கற நிலை அத்தனையும் மொதல்ல எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு ஒரு நகர்த்தல் முன்ன காய் எங்க இருந்திருக்கும், அதுக்கு முன்ன எங்க, அதுக்கும் முன்னன்னு பின்னாலயே போய், இருக்கற நிலை பூராத்துக்கும் பதில் எழுதியாச்சு. இனி யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நிலையைக் காட்டுனா முடிவைச் சொல்லிரும். தோக்கற பக்கம் அது ஆடுனா இன்னும் அழகு. சாகறது உறுதின்னு அதுக்குத் தெரியும். அப்படியும் இருக்கறதுலயே நீளமான வழியாப் பாத்துச் சாகும்.

இதெல்லாம் எம் பொண்ணுக்காகப் படிச்சதுங்க. சம்யுக்தான்னு பேரு. நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி, நீங்க புதுசு.

அவ பிளஸ் டூ படிக்கறப்ப திருச்சியில மாநிலப் போட்டி. கடைசி ரவுண்டு, செயிச்சா தமிழ்நாடு டீம். எதிர்ல ஒரு தூத்துக்குடிப் புள்ள. காயெல்லாம் வெட்டுப்பட்டு அந்தப் புள்ளைகிட்ட ஒத்தை ராஜா, எம் பொண்ணுகிட்ட ராஜாவும் மந்திரியும் குதிரையும். பிஷப்பைத்தான் நான் மந்திரிங்கறது. நான் வெளிய நிக்கறேன், இதே மாதிரி போனு, அதுல எம் போட்டு நம்பர் வந்துருச்சு. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் கை குடுக்கறாங்க. ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்துட்டாருங்க.

ஆனா மந்திரி குதிரையை வெச்சு மேட் பண்றது இருக்குதே, அதுதான் இருக்கறதுலயே சிரமம். மந்திரி நிக்கற கட்டம் எந்தக் கலரோ, அந்தக் கலர் மூலைக்கு ராஜாவைத் தள்ளிட்டுப் போனாத்தான் மேட். அவன் நேரா மத்த மூலைக்கு ஓடுவான். அங்கிருந்து ஓரமாவே ஓட்டிட்டு வரோணும். நடுவுல ஒரு இடம் வரும், ராஜா வெளிய தப்பிச்சுப் போற மாதிரியே இருக்கும். அங்க பதறக் கூடாது. வுட்டா அவனே திரும்பி வருவான். எம் பொண்ணு பதறிட்டா. தொரத்திட்டு ஓடுனா. போன்ல நம்பர் எறங்கிட்டே வந்தது, அப்படியே ஏறுச்சு. மறுபடி எறங்கும், மறுபடி ஏறும். ஒரு காயும் வெட்டுப்படாம அம்பது நகர்த்தல் போயிட்டா டிராங்க, அது சட்டம். கடைசியா சரியான மூலைக்குக் கொண்டாந்துட்டா. மேட் கிட்டத்துல வந்துருச்சு. அப்ப அந்தத் தூத்துக்குடிப் புள்ள கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டுருச்சு. எண்ணிப் பாத்தாங்க. டிரா.

வெளிய வந்தா. நான் திட்டுனேன்னு நெனைக்கறீங்களா? ஒரு வார்த்தை சொல்லலைங்க. திருச்சியில பஸ் ஏறுனதுல இருந்து ஊடு வந்து சேர்ற வரைக்கும் நான் வாயே தெறக்கலை. கரூர்ல பஸ் நின்னப்ப, "அப்பா, எதாச்சும் சாப்பிடறீங்களா"ன்னு கேட்டா. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லலை. வேற அப்பனா இருந்தா என்னென்ன பேசியிருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லீங்க.

அடுத்த நாள்ல இருந்தே ஆரம்பிச்சுட்டோம். பழைய லேப்டாப் ஒண்ணு இருந்துச்சு, அதுல எஞ்சின்னு சொல்ற ஒரு பழைய செஸ் புரோகிராம். காலையில ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்ன, சாயங்காலம் வந்த பொறகு, மந்திரி குதிரை மட்டும்தான். பிளஸ் டூ முடிஞ்சதும் ஈரோட்டுலயே காலேஜ்ல சேத்துட்டேன், ஹாஸ்டல் வேண்டாம்னுட்டேன், அப்பத்தானே பழகறதுக்கு நேரம் இருக்கும்.

ஒரு நாள் அவ ரூமுக்குள்ள இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தா, ஒத்தை ராஜாவை இவ வெச்சுக்கிட்டு மந்திரி குதிரையை எஞ்சினுக்குக் குடுத்திருக்கா. அது மேட் பண்ணத் தெரியாம சும்மா சுத்திச் சுத்தி வருது.

"இதுக்கும் தெரியலைங்ப்பா. பாருங்க, அங்கயும் இங்கயும் நடந்துட்டே இருக்குது"ன்னு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறா.

நான் ஒத்துக்கறேன், எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. எங்க ஊட்டுக்காரி வளர்மதிகூட வந்து எட்டிப் பாத்தா. ஆனா யோசிச்சுப் பாத்தா, இப்படி மேட் தெரியாத ஒண்ணோட பழகி என்ன பிரயோசனம்? அடுத்த நாளே லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய், தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட டேபிள்பேஸ் ஏத்திட்டு வந்துட்டேன். அப்புறம் அது சுத்தலைங்க. எங்க கொண்டு போய் வெச்சாலும் நேரா வந்து மூலையில அமுக்கிரும். இவ ராஜாவைத் தொரத்துனா இருக்கறதுலயே நீளமான வழியில ஓடும். அதுக்கப்புறம் இவளும் சிரிக்கலை, ஆட்டத்துல கவனம் வந்துருச்சு.

ரூமுன்னதும் அதோட கதவு ஞாபகம் வருது. அந்தக் கதவுல உள்தாழ்ப்பாள் இருந்துச்சு, அதை நான் கழட்டிட்டேன். வேற ஒண்ணுமில்லீங்க, காத்து வரட்டும்னுதான். தெறந்தே கெடந்தா நான் ஹால்ல உக்காந்துட்டே போர்டைப் பாத்துக்கலாம். தப்பா வெச்சா இங்கிருந்தே சொல்லலாம். அதுக்கு அவ "சரிங்ப்பா"ன்னுதான் சொன்னா. எதுக்கும் மறுபேச்சுப் பேசாத புள்ளைங்க அது. கூடப் படிக்கற புள்ளைக்குக் கல்யாணம், பொள்ளாச்சியில, எல்லாரும் வேன் வெச்சுப் போறாங்கன்னா. போட்டி வருது கண்ணு, அப்புறமாப் போய் மாப்பிள்ளை பொண்ணைப் பாத்துக்கலாம்னேன். அதுக்கும் சரிங்ப்பான்னுதான் சொன்னா.

எபிநேசர்னு ஒரு கோச் இருந்தாரு, சின்னதுல இருந்து அவருதான் சொல்லிக் குடுத்தது. அவரு ஒரு நாள் ஊட்டுக்கு வந்து உக்காந்துட்டு, "சென்னியப்பன், இந்த மேட் நிஜ ஆட்டத்துல வர்றதே அபூர்வம். கொஞ்ச நாள் அவளைச் சும்மா வுடுங்க, அவளா வருவா"ன்னாரு. நல்ல மனுசன்தான், ஆனா வயசாயிருச்சு, முந்தியாட்டம் முனைப்பு இல்லை. நான் கோச்சை மாத்திட்டேன்.

அவ நல்லாப் பழகிட்டா. அதைச் சொல்லோணும். எப்படிப் பழகிட்டான்னா, ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா, காபி குடுத்து உக்கார வெச்சுட்டு, "அம்மிணி, இங்க வா"ம்பேன். அவங்களையே காயை வெக்கச் சொல்லுவேன், போர்டுல எங்க வேண்ணாலும். இவ நின்னுக்கிட்டே ஆடி மூலைக்குக் கொண்டு போய் மேட் பண்ணிட்டு உள்ள போயிருவா. கைதட்டாம போனவங்க ஒருத்தரும் இல்லை. எங்க மச்சான் ஒருத்தரு, அவருக்குச் செஸ்ஸே தெரியாது, அவரே கைதட்டினாரு. வளர்மதிதான், ஒறம்பரை வர்றாங்கன்னா அந்தப் புள்ள எங்காச்சும் கடைக்குப் போயிட்டு வரட்டும்னு எதாவது வேலை சொல்லி அனுப்பிருவா. அவளுக்கு இதோட அருமை தெரியாதுங்க.

ஆனா எபிநேசர் சொன்னதும் ஒரு வகையில உண்மைதான். அத்தனை பழகியும், போட்டியில அந்த மேட் வரவே இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் வேற மாதிரி முடிஞ்சுரும். எனக்கு ஆத்தாமையா இருக்கும். செயிச்சுட்டு வருவா, நான் கேப்பேன், ஏன் கண்ணு, கடைசியில மந்திரி குதிரைக்குக் கொண்டு போயிருக்கலாமேன்னு.

அப்புறம் வந்துச்சுங்க. போன வருசம், சேலத்துல. அதே மாநிலப் போட்டி, அதே கடைசி ரவுண்டு. செயிச்சா டீம். எதிர்ல ஒரு கும்பகோணத்துப் புள்ள, ஒல்லியா, கண்ணாடி போட்ட புள்ள. ஆட்டம் இவ கைக்குள்ள இருந்துச்சு. சம்யுகிட்ட மந்திரி, குதிரை, ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாயைத் தள்ளிட்டுப் போனா ராணி ஆயிரும், கதை முடிஞ்சுது. கம்ப்யூட்டரும் அதைத்தான் சொல்லுது. ஆனா இவ என்ன பண்ணுனா தெரியுமா? அந்தச் சிப்பாயை வுட்டுக் குடுத்துட்டா. அந்தப் புள்ளகிட்ட கடைசியா இருந்த காயும் அதோட போயிருச்சு. போர்டுல பாத்தா மந்திரி, குதிரை, ரெண்டு ராஜா.

சுத்தி நின்னவங்க அய்யய்யோன்னாங்க. நான் சிரிச்சேன். அவங்களுக்கு என்ன தெரியும்? அவளா தேடி அந்த மேட்டுக்குப் போயிருக்கா. எனக்காகப் போயிருக்கான்னு நெனைச்சேன். 

அன்னைக்கு ஆடுனா பாருங்க. போன்ல நம்பரைப் பாத்துட்டே இருக்கேன். இவ ஒண்ணு வெப்பா, ஒண்ணு கொறையும். மறுபடி வெப்பா, மறுபடி ஒண்ணு கொறையும். ஒரு தடவைகூட ஏறலை. அந்தத் தப்பிச்சுப் போற இடம் வந்துச்சு, ராஜா வெளிய வந்தான், இவ அசையலை. வுட்டுட்டுப் பாத்தா, அவனே திரும்பி வந்தான். டேபிள்பேஸே உக்காந்து ஆடுன மாதிரி இருந்துச்சு. எங்கண்ணுல தண்ணி நிக்கலை. பக்கத்துல நின்னவரு தோளைத் தட்டிக் குடுத்தாரு. நான் போனை அவரு கையில குடுத்துட்டு, கதவுகிட்டப் போயிட்டேன். அங்கயும் இதே மாதிரி கண்ணாடிக் கதவுதான். அவ போர்டு கதவுக்கு நேரா இருந்துச்சு.

பின்னால இருந்து போனை வெச்சிருந்தவரு சொல்றாரு, "ஒண்ணு வந்துருச்சுங்க. இன்னும் ஒரே நகர்த்தல்"னு.

கறுப்பு ராஜா மூலையில நிக்குது. மந்திரியை ஒரே ஒரு கட்டம் கோணலா நகர்த்துனா மேட். நேத்துப் பழகுன கொழந்தைக்கும் தெரியும். சம்யு கையை எடுத்தா. எடுத்து, மடியில வெச்சுக்கிட்டா.

நான் நெனைச்சேன், ஒரு மூச்சு வுட்டுட்டு வெப்பான்னு. வெக்கலை. கடிகாரம் ஓடுது. அந்தக் கும்பகோணத்துப் புள்ள போர்டைப் பாக்குது, இவ மூஞ்சியைப் பாக்குது, மறுபடி போர்டைப் பாக்குது. இவ தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. கண்ணாடி வழியா, நேரா. நான் என்ன பண்ண முடியும்? தலையை ஆட்டக் கூடாது, கையைக் காட்டக் கூடாது, கண்ணைச் சிமிட்டுனாக்கூட சைகைன்னு சொல்லி ஆட்டத்தையே பறிச்சுருவாங்க. செலையாட்டம் நின்னேன். அவ பாக்கறா. நான் பாக்கறேன். எம் புள்ள உதவி கேக்கறா, நான் கதவுக்கு இந்தப்பக்கம் நிக்கறேன். அப்படி ஒரு நிலைமை எந்த அப்பனுக்கும் வரக் கூடாது. பயந்த மாதிரி தெரியலை, அதுதான் எனக்கு இன்னும் வெளங்கலை. நெம்ப அமைதியா உக்காந்திருந்தா. நேரம் முழுசும் போற வரைக்கும் என்னைப் பாத்துட்டே உக்காந்திருந்தா.

நடுவர் வந்தாரு. நேரம் போயிருச்சு, ஆனா எதிர்ல இருக்கறது ஒத்தை ராஜா, ஒத்தை ராஜாவை வெச்சு யாரும் செயிக்க முடியாது. அதனால டிரா. அந்தப் புள்ள எந்திரிச்சு எம் பொண்ணு கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிச்சு. என்ன சொல்லுச்சோ, எனக்குக் கேக்கலை.

வெளிய வந்தா. "என்னாச்சு கண்ணு, மேட்டைப் பாக்கலையா"ன்னு கேட்டேன்.

"பாத்தேங்ப்பா."

"பாத்துட்டு ஏன் வெக்கலை?"

"வெக்கோணும்னு தோணலைங்ப்பா. வாங்க, ஊட்டுக்குப் போலாம். பசிக்குது."

பாவம், கூச்சத்துல அப்படிச் சொல்றா. நாலு பேரு முன்னால 'எனக்குத் தெரியலை'ன்னு எப்படிச் சொல்லுவா? அன்னைக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டுல நாலு பரோட்டா சாப்பிட்டா. அவ அத்தனை சாப்பிட்டு நான் பாத்ததில்லை. மறுநாளே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் கம்மியா இருக்குது, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடோணும்னாரு. அதுதானுங்க விசயம். ரத்தம் மூளைக்குப் போகலை. முன்னாலயே பாத்திருந்தா டீம்ல இருந்திருப்பா.

அப்புறம் அவ போர்டு பக்கமே வரலை. நானும் கட்டாயப்படுத்தலை, மாத்திரை முடியட்டும்னு வுட்டுட்டேன். படிப்பு முடிஞ்சதும் ஓசூர்ல வேலை கெடைச்சிருக்குதுன்னா. எப்ப எழுதிப் போட்டா, எப்பக் கெடைச்சுது, ஒண்ணும் எனக்குத் தெரியாது. வளர்மதிக்குத் தெரிஞ்சிருக்குது. பையெல்லாம் அவதான் கட்டிக் குடுத்தா. ஞாயித்துக்கெழமை போன் பண்ணுவா, அம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசுவா. எங்கிட்டக் குடுத்தா சாப்பிட்டீங்களாங்ப்பாம்பா. சாப்பிட்டேன் கண்ணும்பேன். அங்க செஸ் கிளப் எதாச்சும் இருக்குதான்னு கேப்பேன். அம்மாகிட்டக் குடுங்கம்பா.

ஊட்டுல ஹால் மேசை மேல அந்த நிலையை அப்படியே வெச்சிருக்கேனுங்க. அதே ராஜா, அதே மந்திரி, அதே குதிரை. மூலையில கறுப்பு ராஜா. வெள்ளைக் காய்க்காரன் ஆடோணும். தீபாவளிக்கு வந்திருந்தா. நான் ஒண்ணும் சொல்லலை. சும்மா வெச்சேன், போறப்ப வர்றப்ப கண்ணுல படட்டும்னு. ஒரே ஒரு நகர்த்தல். வெச்சுட்டா அவ மனசுல இருக்கற பாரம் எறங்கிரும், எனக்குத் தெரியும். இருந்த நாள் பூராவும் தட்டை மடியில வெச்சே சாப்பிட்டா, அந்த மேசைகிட்ட வரலை. கெளம்பறப்பக்கூடத் திரும்பிப் பாக்கலை.

அவ போன மத்த நாளு, சாப்பாட்டை எடுத்துட்டு வந்த வளர்மதி மேசைகிட்ட நின்னுட்டா. "இதுல எதை நகர்த்தோணும்"னா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல செஸ் பத்தி அவ எங்கிட்டக் கேட்ட மொத கேள்வி அதுதான். எனக்கு ஒரே சந்தோசம். மந்திரியைக் காட்டுனேன். எங்கன்னா. அந்தக் கட்டத்தைக் காட்டுனேன். அவ ஒரு கையில சோத்துச் சட்டியைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில மந்திரியை எடுத்து அங்க வெச்சா.

"ஆச்சா?"ன்னா.

"ஆச்சு"ன்னேன்.

"முடிஞ்சுதில்ல. இப்பச் சாப்பிடுங்க."

சட்டியை வெச்சுட்டு உள்ள போயிட்டா. அழுதாளான்னு தெரியலை, தண்ணிப் பைப்பைத் தொறந்து வுட்டுட்டா.

நான் மந்திரியை எடுத்துப் பழைய கட்டத்துலயே திருப்பி வெச்சுட்டேனுங்க. அவளுக்கு என்ன தெரியும். அம்மிணி வெச்சாத்தானே அது மேட்டு. பொங்கலுக்கு வருவா.